மூணாம் பெட்டு அண்ணனின் ஒரே கேள்வி

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாலும், எங்கள் மூணாம் பெட்டு அண்ணனைப் போலக் கட்டிலை வெறுத்த நோயாளி ஒருவர் தேறமாட்டார்.

ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, கட்டில் எண்தான். நான் நாலாம் பெட்டு. குடல்வால் வலியை வாயுத்தொல்லை என்று நானே தீர்ப்பளித்து, சோடா சோடாவாகக் குடித்து, குடல்வாலே வெடித்த பிறகு வந்து சேர்ந்த அறிவாளி.

அண்ணன் பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர். முன்பு செய்த ஆபரேஷனின் தழும்பு உள்ளே பசை மாதிரி குடலோடு குடலை ஒட்டவைத்து வழியை அடைத்திருந்தது. மறுபடி திறந்து பிரித்துவிட வேண்டும். பிரித்தது திரும்ப ஒட்டினால் திரும்பவும் கத்தி. அதுதான் அவர் பயம்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரே, தோலை அடுக்குனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு பேஜாரா பூடும்னு நடுவுல பேப்பர் வைப்போம். உள்ள அந்த மாதிரி எதுனா வைக்கலாமா?"

"இருக்குங்க. மெல்லிசா ஒரு ஷீட், கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிடும். தேவைப்பட்டா வைக்கிறேன். குடலைக் காயவிடாம, பதமா கையாளணும், அதுதான் முக்கியம். ஆனா திரும்ப ஒட்டவே ஒட்டாதுன்னு யாரும் கேரண்டி தர முடியாது."

"கிளவுஸ்ல பவுடர் இருக்குமா? அது உள்ள பட்டாலும் ஒட்டிக்குமாமே?"

"இப்போ பவுடர் இல்லாத கிளவுஸ்தாங்க."

"எதுக்கும் ஒருவாட்டி கழுவிக்கினு கைய வைங்க."

ஆபரேஷன் முடிந்து வந்தவர், சிஸ்டர் எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பதைப் பார்த்துக் கட்டிலிலிருந்தே அலறினார்: "நாலு! அத்த குடிக்காத! ஒட்டும்!"

பட்டதாரியான நான் உடனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கஞ்சி போவது குடலுக்குள்ளே, ஒட்டுவது குடலுக்கு வெளியே என்று சிஸ்டர் விளக்கி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிப்போய், நிஜமாகவே டம்ளரில் ஒட்டிக்கொண்டது.

எழுந்து நடந்தால் குடல் சீக்கிரம் வேலை செய்யும் என்று சிஸ்டர் சொன்னதுதான் தாமதம், அண்ணன் டிரிப்ஸ் ஸ்டாண்டோடு ஊர்வலம் கிளம்பிவிட்டார். பார்க்க வந்த உறவினர்கள் அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவருக்கு வாங்கி வந்த சாத்துக்குடியை அவர்களே உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள். தையல் பிரிந்துவிடும், அசையாதீர்கள் என்று என் மனைவி உத்தரவு போட்டிருந்தாள். அவளுக்கு அடங்கிய நான் அண்ணனுக்கும் அடங்க வேண்டியதாயிற்று.

"நாலு, எந்திரி."

"வலிக்குதுண்ணா."

"வலிக்காம இன்னா பண்ணும்? வயித்தைக் கையால புடிச்சிக்கினு நட. காத்து போச்சா?"

வயிற்றைத் திறந்து மூடியவர்களுக்குக் காற்று பிரிவதுதான் பரீட்சை ரிசல்ட். வந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதனால் வார்டு முழுக்க ஒவ்வொருவரிடமும் அண்ணன் கேட்டது இந்த ஒரே கேள்விதான். ஒவ்வொருவராகப் பாஸானார்கள். கடைசி பெஞ்சுக்காரனான நான்கூடப் பாஸ். அவருக்கு மட்டும் வரவில்லை.

வயிறு உப்பியே இருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாத்துக்குடிக்கு வந்தவர்களும் உரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, எந்திரிங்க."

"வுடு நாலு. ஒட்டிக்கிச்சு போல."

"எனக்கு வலிச்சப்போ விட்டீங்களா? எந்திரிங்க."

இரண்டு ஸ்டாண்டுகளும் கிறீச்சிட, வராந்தாவில் மெல்ல நடந்தோம். திரும்பும் மூலையில், மழையில் நனைந்த ஷேர் ஆட்டோ ஸ்டார்ட் ஆவது போல ஒரு சத்தம். அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நாலு... கேட்டுச்சா?"

"பம்மல் வரைக்கும் கேட்டிருக்கும்ணா."

உள்ளே வார்டே கைதட்டியது.

இப்போது நான் அஸ்தினாபுரத்தில், அவர் பம்மலில். அவ்வப்போது போன் வரும். ஹலோ கிடையாது. "வயிறு உப்புதா? காத்து போச்சா?" பேங்க் க்யூவாக இருந்தாலும், கல்யாணப் பந்தியாக இருந்தாலும், "போச்சுண்ணா" என்று நான் உரக்கச் சொன்னால்தான் வைப்பார்.

கொஞ்ச நாள் போன் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நானே கூப்பிட்டுவிடுகிறேன்.

"அண்ணா, போச்சா?"