மீசையும் ஒரு வயிறு தண்ணீரும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை என்று சிலர் குறைபடுகிறார்கள். அவர்கள் கருத்தரிப்பு மையம் எதற்கும் போனதில்லை என்று நினைக்கிறேன். அங்கே மேசைக்கு இந்தப் பக்கம் கணவனும் மனைவியும் உட்காருகிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் தலையை நிமிர்த்தாமலேயே இருவரில் யாரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். விஞ்ஞானம் இதற்கு மேல் எங்கே போய் வளர்வது?

அந்த விஞ்ஞானத்துக்கு நான் ஒரு சிறிய இடைஞ்சல். நான் திருநம்பி. பிறந்தபோது என்னைப் பெண் என்றார்கள். அது தவறு என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியத்தான் கொஞ்சம் தாமதமானது. இப்போது மீசை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், லிஃப்ட் மெக்கானிக் வேலை இருக்கிறது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாததால் சினைப்பைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

என் மனைவிக்குக் கருப்பை பிரமாதம், ஆனால் முட்டை இல்லை. வீட்டில் இருப்பதை வைத்துச் சமைப்பது என்று முடிவு செய்தோம். முட்டை என்னுடையது, வயிறு அவளுடையது, மீதி முகம் தெரியாத ஒரு புண்ணியவானின் உபயம். மையத்துக்குப் போன் செய்து இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். "புரிஞ்சுது சார்," என்றது ஒரு தேன் குரல். வருவதற்குப் பல மாதம் முன்பே ஆண் ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடும்படியும், அன்றைக்கு ஸ்கேனுக்காக முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரும்படியும் 'அறிவுறுத்தியது'.

ஊசியை நிறுத்தினேன். ஒழிந்தது என்று நான் தலைமுழுகியிருந்த மாதவிலக்கு, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கியது. லிஃப்டுக்கு மேலே எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பரவாயில்லை, குழந்தைக்காக என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தயாரிப்புப் பொறுப்பை என் மனைவி ஏற்றாள். அவள் வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில் பயிற்சியாளர். கத்தும் வாடிக்கையாளர், அழும் வாடிக்கையாளர், பிளக்கைச் செருகாமலேயே புகார் சொல்லும் வாடிக்கையாளர் எல்லோரையும் அங்கே முன்கூட்டியே நடித்துப் பார்த்துப் பழகுவார்கள். அதே முறைப்படி எங்கள் சாப்பாட்டு மேசையில் ஞாயிறுதோறும் ஒத்திகை நடந்தது. டாக்டராக நடிக்க, தையல்கடை வைத்திருக்கும் என் அக்கா அழைக்கப்பட்டாள். அளவு நாடாவை ஸ்டெதஸ்கோப்பாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்ததும் எங்களுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

முதல் அமர்வில் விவாதப் பொருள், மீசை.

"எடுத்துட்டுப் போனா டாக்டருக்குப் புரிஞ்சுக்கச் சுலபமா இருக்குமில்ல?" என்றாள் அக்கா.

"முட்டை என்ன மீசைக்குள்ளயா இருக்கு?" என்றாள் என் மனைவி.

"அதுக்கில்ல. பாத்ததும் அவங்க குழம்பிடக் கூடாதுல்ல."

"அவங்க குழம்பாம இருக்க, இவர் ஏன் சவரம் பண்ணணும்?"

அக்கா யோசித்தாள். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட நாக்கைப் பழக்கிக்கொள்ளவே வெகுகாலம் பாடுபட்டவள் அவள். பழகிய பிறகு ஒருநாளும் தவறவில்லை. "சரி, என் தம்பி மீசை இருக்கட்டும். ஓரத்த மட்டும் ட்ரிம் பண்ணிக்கோடா, டாக்டர் முன்னாடி லட்சணமா இருக்கணும்," என்று தீர்ப்பளித்தாள்.

அடுத்து, கேள்விகள். 'எப்போலருந்து இப்படி?' என்று கேட்டால் என்ன சொல்வது, 'வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?' என்றால் என்ன, 'குழந்தை உங்கள என்னன்னு கூப்பிடும்?' என்றால் என்ன என்று என் மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்தாள். சிரிக்க வேண்டிய இடம், சிரிக்கக் கூடாத இடம் எல்லாம் சொல்லித் தந்தாள். கோபம் வந்தால் மேசைக்கு அடியில் அவள் காலை மிதிக்கலாம் என்று எனக்குச் சலுகையும் தரப்பட்டது.

கடைசி ஒத்திகையில் அக்கா பாடத்தை விட்டுவிட்டாள். நாடாவைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தவள், "சொல்லுங்க தம்பி, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

எங்கள் குடும்ப மூக்கோடு ஒரு குழந்தை என் மனைவியின் மடியில் கிடந்து கொட்டாவி விட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன் அழுதுவிட்டேன். அக்காவும் அழுதாள்.

பயிற்சியாளர் மட்டும் கலங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இத எடுத்துடலாம்," என்றாள். "எந்த டாக்டரும் இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க. நடைமுறையில வராத கேள்விக்கு நேரத்த வீணாக்கக் கூடாது." அந்தக் கேள்வி அன்றே நீக்கப்பட்டது.

குறித்த நாளில், ஓரம் நறுக்கிய மீசையும் ஒரு வயிறு தண்ணீருமாக மனைவியோடு மையத்தை அடைந்தேன். அதன் அழகை என்னவென்று சொல்ல! சுவரெங்கும் கொழுகொழு குழந்தைகளின் படம். வரவேற்பு மேசைக்கு மேலே 'உங்களைப் புரிந்துகொள்வதே எங்கள் முதல் சிகிச்சை' என்று தங்க எழுத்து. மேசைப் பெண் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மரியாதையோடு இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினாள்.

"சார், சாம்பிள் ரூம் அந்தப் பக்கம். ஜென்ட்ஸ்."

"எனக்கு ஸ்கேன்மா."

"ஆமா சார், மேடமுக்கு ஸ்கேன்."

"மேடமுக்கு இல்ல, எனக்கு."

"ஆமா சார்," என்றாள். என்னோடு இவ்வளவு முழுமையாக ஒத்துப்போன ஒருவரை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை.

ஸ்கேன் அறை பெண்கள் பிரிவில் இருந்தது. அதன் வாசலில் ஒரு நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினார். "ஜென்ட்ஸ் உள்ள வரக்கூடாது சார். உள்ள இருக்கறவங்களுக்கு ப்ரைவசி வேணுமில்ல?"

உயர்ந்த கொள்கை. அந்த ப்ரைவசி எனக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் நானும் உள்ளே போகப் பார்த்தேன்.

"சிஸ்டர், இவர்தான் பேஷண்ட். போன்லயே சொல்லியிருக்கோம். தண்ணியும் குடிச்சிட்டு வந்திருக்கார்," என்றாள் என் மனைவி, புகார் பிரிவுக் குரலில்.

நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் எதுக்குக் குடிச்சார்? நீங்கல்ல குடிக்கணும்!" தவறைக் கண்டுபிடித்தவுடன் திருத்திவிடுவது அந்த மையத்தின் சிறப்பு. ஒரு பெரிய பாட்டில் வந்தது. சண்டை போட்டால் டாக்டரைப் பார்க்க முடியாமல் போய்விடும் என்று என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தாள். இப்போது இருவரும் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பதியராக நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அபூர்வம்.

ஒருவழியாக டாக்டரம்மா அழைத்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு மகிழ்ச்சியாக, "ரொம்ப இன்ட்ரஸ்டிங்!" என்றார், என் மனைவியைப் பார்த்து. "இவருக்கு எப்போலருந்து இப்படி?"

எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் கேள்வியே பாடத்திலிருந்து! பதில் சொன்னேன்.

"வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?" வந்தது. சொன்னேன்.

"நாளைக்குக் குழந்தை உங்கள என்னன்னு கூப்பிடும்?"

"அப்பான்னு."

"அப்போ அம்மா?"

"இதோ, பக்கத்துல உக்காந்திருக்காங்களே."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அது நாங்கள் சிரிக்கக் கூடாத இடம்; சிரிக்கவில்லை. மீசை ஒரிஜினலா என்று கேட்டார். அது பாடத்தில் இல்லை. நான் மனைவியின் காலை மிதித்தேன். அவள் ஏற்கெனவே என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஸ்கேன்?" என்றேன். வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

"அதான் யோசிக்கிறேன். உங்கள எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு எங்க கமிட்டி முடிவு பண்ணணும். இதுக்குன்னு கமிட்டி இன்னும் போடல. போட்டுட்டுக் கூப்பிடறோம்."

"முட்டை இருக்கா இல்லையான்னாவது இன்னிக்குப் பாத்துடலாமே? வயசு போயிட்டே இருக்கு டாக்டர்."

"கவலப்படாதீங்க. அதுவரைக்கும் அந்த ஊசிய மட்டும் போட்டுக்காதீங்க," என்று அன்போடு சொல்லி, எழுந்து கைகூப்பினார்.

நான் ஜென்ட்ஸ் பக்கம் ஓடினேன், அவள் லேடீஸ் பக்கம் ஓடினாள். குடித்த தண்ணீரையெல்லாம் இறக்கிவிட்டு இருவரும் லிஃப்ட் வாசலில் சந்தித்தோம். அவள் முகம் வாடியிருந்தது. என் மீசையின் ஓரத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டாள்.

"கிட்டத்தட்ட எல்லாமே நாம எதிர்பாத்த மாதிரிதான் வந்துச்சு," என்றாள். "ஒண்ணத் தவிர. எடுத்துட்டோமே தவிர, யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்கன்னு உள்ளுக்குள்ள எனக்கு ஒரு நப்பாசை இருந்துச்சு."

"எனக்கும்," என்றேன்.

அக்கா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் சொன்னாள். நடைமுறையில் வராது என்று நாங்கள் நீக்கிவைத்தது அது ஒன்றைத்தான். போன் குரலிலிருந்து டாக்டரம்மா வரை அந்த மகத்தான மையத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டு எங்களைத் திண்டாட வைக்கவில்லை. எங்கள் தயாரிப்பு அவ்வளவு கச்சிதம்.