கொடுவரியாரின் கடல்கடந்த வேட்டைக் கோப்பு

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பதுபோலவே, ஒரு புலியும் அது தின்பதற்குப் போதுமான மான்களும் இருந்தன. புலியின் பெயர் கொடுவரியார். மான்களுக்கும் பெயர்கள் உண்டு. ஆனால் தின்கிறவர்கள் யாரும் பெயர் கேட்டுத் தின்பதில்லை என்பதால் அவை அதிகம் புழக்கத்தில் இல்லை. ஒரே ஒரு புள்ளிமானின் பெயரை மட்டும் நாம் தெரிந்துகொண்டாக வேண்டும். அவன் கலைமாணிக்கம். அந்தக் காட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

மலையடிவாரத்தில் இருந்த ஏதோ ஓர் அலுவலகத்தின் பின்புறக் குப்பைமேட்டில் பழைய படிவங்களை மேய்ந்து வளர்ந்த குடும்பம் அவனுடையது. மற்ற மான்கள் காகிதத்தைக் கண்டால் தின்றுவிட்டுப் போய்விடும். கலைமாணிக்கம் மட்டும் தின்பதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துப் பார்ப்பான். அப்படி வாசித்து வாசித்து, நாளடைவில் தின்பதையே விட்டுவிட்டான். அவன் மனைவி பிணையம்மாளுக்கு அதில் அப்போதிருந்தே வருத்தம்தான்.

ஓர் ஆவணி மாத மத்தியானம் ஓடைக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனைக் கொடுவரியார் பிடித்துவிட்டார். முன்கால் கழுத்தில் ஏறிவிட்டது. ஆனால் வாய் இறங்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. காரணம், அவருடைய சகலை. பக்கத்து மலையில் இருக்கும் அந்தச் சகலை கடல்கடந்து வேட்டைக்குப் போய் ஒரு வரிக்குதிரையை அடித்து, தோலைக் குகைவாசலில் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டு அம்மாள் கொடுவரியாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சகலை கொடுத்தனுப்பிய விளம்பரத் தாள் ஒன்றும் கையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

"வே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லும். பொறவு சாப்பிடுதேன்" என்றார் கொடுவரியார்.

கலைமாணிக்கம் கழுத்தை அசைக்க முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி வாசித்தான். அக்கரைச் சீமையில் ஒரு கழுதைப்புலி நடத்தும் வேட்டைக் கம்பெனி அது. ஏழு நாள் பயணம், வரிக்குதிரை ஒன்று, தங்குமிடம் உண்டு. கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் ஒன்பது. அழைப்புக் கடிதம், தடுப்பூசிச் சான்று, ஆயுதப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தான். ஒன்பதாவது முடிந்தால் தானும் முடிந்தோம் என்று அவனுக்குத் தெரியும். பாவம், வாழ்க்கையில் முதல்முறையாக இல்லாத ஒன்றை வாசித்தான்.

"பத்தாவதுங்கய்யா. விண்ணப்பம் எழுதுன நாள்லருந்து கப்பல் ஏறுத நாள் வரைக்கும் விண்ணப்பதாரர் உள்ளூர்ல வேட்டையாடக் கூடாது."

கொடுவரியார் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். தானாகச் செத்து விழுந்ததைச் சாப்பிடலாம், மீன் நண்டுக்குத் தடையில்லை என்று கலைமாணிக்கம் விளக்கினான். ஒரு பக்கம் வரிக்குதிரைத் தோல், மறுபக்கம் நண்டு. தோல்தான் ஜெயித்தது. கழுத்திலிருந்து முன்கால் எடுக்கப்பட்டது.

மறுநாளே வேங்கை மரத்தடியில் அலுவலகம் தொடங்கியாகிவிட்டது. கோப்பு ஒன்று, உள்வரவுப் பதிவேடு ஒன்று, வெளிச்செல்லும் பதிவேடு ஒன்று. கோப்பைக் கையாளுகிறவர் யார் என்பதற்கும் அத்தாட்சி வேண்டுமே என்று, தனக்குத் தானே ஓர் அடையாள அட்டையும் எழுதிக்கொண்டான். படம் ஒட்டி, எடை எண்பது கிலோ, கொம்பு முப்பத்தொரு அங்குலம் என்று அளந்து போட்டு, யானையாரிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கிக் கோப்பின் மூன்றாம் பக்கத்தில் சேர்த்தான். அந்தக் காட்டில் சான்றொப்பம் இடும் அதிகாரம் யானையாருக்கு மட்டுமே இருந்தது. காலால்தான் இடுவார். ஒரு தாளில் இட்டால் அடியில் இருக்கும் ஆறு தாளிலும் விழும்.

அக்கரைக்குத் தபால் கொண்டுபோவது வல்லூறு. வருஷா வருஷம் ஐப்பசியில் கடல்தாண்டிப் போய், வைகாசியில் திரும்புகிற பறவை. ஆக, ஒரு கேள்விக்கு ஒரு பதில் வர ஏழு மாதம். கலைமாணிக்கத்துக்கு இது தெரிந்தபோது இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் ஐப்பசியில் வெறும் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பினான். வைகாசியில் பதில் வந்தது: ஆயுதங்களை எண்ணோடு தெரிவிக்கவும். ஆயுதமும் அதற்கான தோட்டாவும் ஒரே பெட்டியில் வரக் கூடாது.

கொடுவரியாரிடம் இருந்த ஆயுதங்கள் நகம் பதினெட்டு, கோரைப்பல் நான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் பொறிக்க வேண்டியிருந்தது. மரங்கொத்தி வந்து பல்லில் எண் கொத்திய இரண்டு நாளும் காடே காதைப் பொத்திக்கொண்டது. அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டி விஷயத்தில் வந்தது. பல்லும் நகமும் ஒரே உடம்பில் இருப்பதைப் பிரித்து அனுப்புவது எப்படி என்று கொடுவரியார் உண்மையாகவே கவலைப்பட்டார். நகத்துக்கு நாலு காலிலும் உறை, பல்லுக்கு வாய்க்கூடை என்று கலைமாணிக்கம் தீர்வு கண்டான். உழவு மாட்டுக்குப் போடுகிற அதே வாய்க்கூடைதான். போட்டுப் பழக வேண்டும் என்பதால் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒத்திகை என்றும் சேர்த்துக்கொண்டான்.

காலை வேளைகளில் கொடுவரியார் வாய்க்கூடையும் உறையுமாக ஓடைக்கரையில் உலாத்துவதை மான் கூட்டம் புல் மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தது. மான்குட்டிகள் அவர் வாலுக்குப் பக்கத்திலேயே விளையாடின. அலுவலகம் நடந்த அந்த இரண்டு வருஷத்தில் கூட்டத்தில் ஒரு தலைகூடக் குறையவில்லை. பிணையம்மாள் போட்ட இரண்டு குட்டிகளும் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தன. அந்தக் காட்டு வரலாற்றில் அப்படி ஒரு காலம் அதற்கு முன் இருந்ததில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால், அறிவுள்ள எளியவன் வலியவனை வென்றான் என்று எழுதிவிட்டு நாமும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கலைமாணிக்கத்துக்குக் கோப்பின் மேல் பாசம் வந்துவிட்டது.

முதலில் தாள்களின் ஓரத்தை மட்டம் தட்டினான். பிறகு பக்க எண் போட்டான். பிறகு பொருளடக்கம். தானாகச் செத்து விழுந்தது எது, தள்ளிவிட்டு விழுந்தது எது என்று கொடுவரியாரின் சாப்பாட்டுக்கும் தனி இணைப்பு வைத்தான். கொஞ்ச நாளில் ஓடையில் தண்ணீர் குடிக்க வருகிற மான்களையும் வரிசையில் நிற்கச் சொன்னான். ஒரு கிழட்டு மான் எதற்கு என்று கேட்டதற்கு, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றான். கூட்டம் அவனை ஆபீசர் என்று கூப்பிடத் தொடங்கியது. கேலியாகத்தான் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த ஐப்பசி நெருங்கியபோது கோப்பு நாற்பத்திரண்டு தாளுக்கு வளர்ந்திருந்தது. முள்ளம்பன்றி குத்திய தடுப்பூசிக்குச் சான்று, கொண்டுவரும் தோலுக்கு வேப்பம்புகை போடுவதாக உறுதிமொழி, கடலாமைகள் இழுக்கும் தெப்பத்தில் இடஒதுக்கீடு, எல்லாம் தயார். அப்போதுதான் பிணையம்மாள் வேங்கை மரத்தடிக்கு வந்தாள்.

"இங்க பாருங்க, எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பாதீங்க. வருசத்துக்கு ஒரு தாளை மறந்தாலே போதும். நம்ம குட்டிக பேரன் பேத்தி எடுத்துரும்."

அவள் சொன்னது அவனுக்குப் புரியாமல் இல்லை. இந்த அலுவலகமே அதற்காகத்தான் தொடங்கியது என்பதும் நினைவில் இருந்தது. ஆனால் நாற்பத்திரண்டு தாளில் ஒன்றை உருவிவிட்டு நாற்பத்தொன்றை அனுப்ப மனம் வரவில்லை. பொருளடக்கம் தப்பாகிவிடுமே என்றான். பிணையம்மாள் அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனாள். கோப்பின் இன்னொரு பிரதியை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, முழுக் கட்டையும் வல்லூறின் காலில் கட்டிவிட்டான். விண்ணப்பப் படிவத்தின் இருபத்தேழாவது கட்டத்துக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. வெற்றிடம் விடக் கூடாதென்று 'பொருந்தாது' என எழுதியிருந்தான்.

வைகாசியில் வல்லூறு திரும்பி வந்தது. கடிதம் ஒரே ஒரு தாள்.

'தங்கள் கோப்பு எங்கள் அனுபவத்தில் கண்டிராத நேர்த்தி உடையது. இருபத்தேழாவது கட்டத்துக்குப் பொருந்தாது என்ற பதிலை ஏற்க இயலவில்லை. விண்ணப்பதாரர் சொந்தக் காட்டில் அண்மையில் அடித்த விலங்கு ஒன்றின் விவரம் தரவும். அதன் எடையும் கொம்பின் நீளமும் அது உயிரோடு இருக்கும்போதே அளந்து சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இது வந்தவுடன் பயணம் உறுதி.'

முதல் வரியைக் கலைமாணிக்கம் மூன்று முறை படித்தான். யாரும் அவனை அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை. பிறகுதான் மீதியைப் படித்தான். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த பிணையம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விஷயம் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தின்னுருங்க."

"என்னது?"

"அந்தத் தாளைத் தின்னுருங்க. ஒரு வாய்தான். வல்லூறு வழியில தொலைச்சிட்டுன்னு சொல்லிருவோம். இன்னும் ஒரு வருசம் ஓடிரும்."

எவ்வளவு எளிய வழி. மான் குலத்தில் பிறந்த எந்த மடையனுக்கும் முடிகிற காரியம். கலைமாணிக்கம் தாளை வாய் வரைக்கும் கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

"உள்வரவுப் பதிவேட்டுல ஏத்தியாச்சே" என்றான்.

"என்னத்த?"

"கடிதம் வந்ததும் நம்பர் போட்டுட்டேன். நூற்றிப் பதினாலு. இனி தாள் இல்லேன்னா நம்பர் மட்டும் நிக்குமே, அதுக்கு என்ன பதில் சொல்ல?"

கேட்பதற்கு அந்தக் காட்டில் யாரும் இல்லை. அந்தப் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவன்தான். பிணையம்மாள் இதையும் சொன்னாள். பதிவேட்டையும் சேர்த்து நானே தின்கிறேன் என்று அழுதபடி கெஞ்சினாள். அவன் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

கொடுவரியார் வாய்க்கூடையைக் கழற்றிவிட்டுக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு வருஷம் நண்டு தின்ற முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ நான் இப்ப இங்கனக்குள்ளயே ஒண்ணு அடிக்கணும். அடிச்சாத்தான் போக முடியும். அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா."

"ஆனா உள்ளூர்ல அடிக்கக் கூடாதுன்னு அந்தப் பத்தாவது இருக்கே வே."

கடவுளாகப் பார்த்துத் திறந்துவிட்ட கதவு அது. ஆமாங்கய்யா, கூடாதுங்கய்யா என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிணையம்மாள் புதருக்குப் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆனால் இரண்டு வருஷமாக முறையே பேசிப் பழகிய வாய், அவன் யோசிப்பதற்குள் பேசிவிட்டது.

"முன்னால வந்ததும் பின்னால வந்ததும் முரண்பட்டா, பின்னால வந்த கடிதந்தான் செல்லும்ங்கய்யா."

கொடுவரியார் தலையாட்டினார். யாரை அடிக்கலாம் என்று ஆலோசனை கேட்டார். உயிரோடு அளந்த அளவும் சான்றொப்பமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்று கலைமாணிக்கம் கோப்பைப் புரட்டத் தொடங்கினான். கூட்டத்தில் யாருக்கும் அளவெடுத்ததில்லை. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். அங்கே அவன் குளம்பு நின்றுவிட்டது. கொடுவரியார் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும்.

"இது உம்ம படம்லா?"

ஆமாங்கய்யா என்றான் கலைமாணிக்கம். ஓடுகிற கால் அவனுக்கு இன்னும் இருந்தது. ஆனால் இருபத்தேழாவது கட்டத்தில் ஏற்கப்படாத 'பொருந்தாது' கண்முன்னே கிடந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு எழுதினான். விலங்கு: புள்ளிமான். எடை: எண்பது கிலோ. கொம்பு: முப்பத்தொரு அங்குலம். ஆதாரம்: பக்கம் மூன்று காண்க. மை காயும்வரை கொடுவரியார் பொறுமையாகக் காத்திருந்தார். அலுவலக நடைமுறை அவருக்கும் பழகியிருந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் கோப்பை உறையில் போட்டு முகவரி எழுத ஆளில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஐப்பசியில் வல்லூறு வந்து மூன்று நாள் கிளையில் உட்கார்ந்துவிட்டுப் பறந்துவிட்டது. அவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நாக்குக்குப் பழைய ருசி திரும்பிவிட்டது. கூட்டத்தில் மறுபடி வாரத்துக்கு ஒரு தலை குறைந்தது. முப்பத்தொரு அங்குலக் கொம்பைக் குகைவாசலில் மாட்டி, அக்கரைச் சீமையில் மட்டுமே கிடைக்கிற அபூர்வ மான் என்று சகலையைக் கூப்பிட்டுக் காட்டினார். சகலை அதை வெகுநேரம் பார்த்தார். பிரமாதம் என்றார். போன மழைக்கு அவர் வீட்டு வரிக்குதிரைத் தோலிலும் வரிகள் கொஞ்சம் கரைந்திருந்தன. வீட்டு அம்மாள் அன்று முதல் கொடுவரியாரோடு பேச ஆரம்பித்தாள்.

பிணையம்மாள் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வேங்கை மரத்தடிக்குப் போனாள். பதிவேடுகள் இரண்டையும் குட்டிகளுக்குப் போட்டாள். கோப்பைத் தானே தின்றாள். நாற்பத்திரண்டு தாளையும் ஒன்றுவிடாமல், வரிசைகூடப் பார்க்காமல். கடைசியில் இருபத்தேழாவது கட்டம் இருந்த தாள் மிஞ்சியது. அதில் அவன் கையெழுத்து அழகாக, கோட்டைத் தாண்டாமல் இருந்தது. அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டே அதையும் தின்றாள்.

நீதி: காகிதத்தைச் செரிக்கும் வயிறு உள்ளவர்கள் அதற்கு உள்வரவு எண் போடக் கூடாது.