திருந்தியவர் தேவை

“முந்தைய வேலையை விட்ட காரணம்” என்ற கட்டத்துக்கு நேரே மரியநாதன் எழுதிய பதில், பாரத்தின் பின்பக்கத்துக்கும் போயிருந்தது.

நேர்முகம் நடத்திய பெண் பாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை திருப்பினாள்.

“மிஸ்டர் மரியநாதன், இங்க ஒரு வரிதான் எழுதணும்.”

“ஒரு வரியில எழுதுனா தப்பா புரிஞ்சுக்குவாங்க, மேடம்.”

“சரி, வாயால சொல்லுங்க. ஏன் விட்டீங்க?”

“நான் விடல. நிப்பாட்டிட்டாங்க. யூரின் டெஸ்ட்ல போதைப்பொருள் இருக்குன்னு வந்திருச்சு. ஆனா பாருங்க, அந்த டெஸ்டையே கொண்டு வந்தது யாரு? நான்தான்…”

அவள் ‘போதைப்பொருள்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். மேசை மேல் கிடந்த தன் கைப்பேசியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நாங்களே கூப்பிடுறோம்.”

அந்த மாதத்தில் அது அவர் கேட்ட மூன்றாவது ‘நாங்களே கூப்பிடுறோம்’.

ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் மரியநாதன். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாதவனை நூறடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார். ஐம்பது வயதில் சிகரெட் கிடையாது, பீர் கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் ஊற்றியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

எல்லாருக்கும் போதைப் பரிசோதனை வேண்டும் என்று நிர்வாகத்தை இரண்டு ஆண்டுகள் அரித்தெடுத்தவர் அவர்தான். விதிகளை எழுதியவரும் அவர்தான். “ஒருத்தருக்குத் தப்பா வந்துட்டா இன்னொரு தடவை சோதிக்கலாம்னு ஒரு வரி போடலாமா?” என்று மேலாளர் கேட்டபோது, “இன்னொரு தடவைன்னு சொன்னா பயம் விட்டுப் போயிரும், பாஸ்” என்று மறுத்துவிட்டார். ‘மறுபரிசோதனை கிடையாது, முறையீடு கிடையாது’ என்பதை ஒன்பதாவது விதியாக எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டார்.

பரிசோதனை நாளன்று மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் ஆளாக நின்று, பெயர் ஒட்டச் சொல்லிச் சிறுநீர்ப் போத்தலை அலுவலகப் பெண்ணிடம் கொடுத்தார். நூற்றுப் பதினெட்டுப் பேரில் மாட்டியது அவர் ஒருவர்தான். மேலாளர் ஒன்பதாவது விதியைக் காட்டினார். அடிக்கோடு மிக நேராக இருந்தது.

மனைவி ஐலீன் ஒரு கிளினிக்கில் கவுண்டர் பார்ப்பவள். ஊரே சந்தேகப்பட்டாலும் அவள் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

“பனடோலையே பாதியா உடைச்சுச் சாப்பிடுற ஆளு நீங்க. மறுபடியும் சோதிக்கச் சொல்லி நான் கம்பெனிக்கு லெட்டர் போடுறேன்.”

“ஒன்பதாவது விதி இருக்கே, ஐலீன்.”

“அதை எழுதுன கையை முதல்ல உடைக்கணும். அதுவரைக்கும் பாரத்துல ‘குடும்பக் காரணம்’னு எழுதுங்க. ரெண்டே வார்த்தை.”

எழுதினார். அடுத்த நேர்முகம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய கிடங்கில். அங்கே மேலாளர் மணியம் என்ற நல்ல மனிதர். நல்லவர் என்பதுதான் தொல்லையாகிவிட்டது.

“என்ன குடும்பக் காரணம், சார்?”

ஐலீன் இரண்டு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மூன்றாவது வார்த்தை மரியநாதனிடம் இல்லை. “அம்மா…” என்றார்.

“ஒடம்பு சரியில்லையா?”

“ஆமா.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

இருக்கிறார் என்று சொன்னால் அடிக்கடி லீவு போடுகிற ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தார் மரியநாதன். “இப்ப… இல்ல” என்றார்.

மணியத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அவருடைய அம்மாவும் போன வருடம்தான் தவறியிருந்தார். “நீங்க அடுத்த மாசம் வந்து சேந்துக்குங்க, சார். மத்ததை நான் பாத்துக்குறேன்.”

சனிக்கிழமை காலை மணியம், பாரத்தில் இருந்த அம்மாவின் பெயரையும் முகவரியையும் பார்த்து, மலர்வளையத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தவர் எழுபத்தாறு வயது ராசம்மா. அப்போதுதான் பாசாருக்கு நடந்தே போய் மீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“யாரு வேணும், தம்பி?”

“மரியநாதன் சாரோட அம்மா ராசம்மா…”

“நான்தான். சொல்லுங்க.”

மணியம் ராசம்மாவைப் பார்த்தார். மலர்வளையத்தைப் பார்த்தார். அதைக் கேட்டில் மாட்டிவிட்டுக் காடியில் ஏறிப் போய்விட்டார்.

“என் பேரைப் போட்டிருக்கான்டா,” என்று ராசம்மா அதை உள்ளே தூக்கி வந்தார். “பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்குடா இது?”

அந்த வேலையும் போயிற்று. பொய் நமக்கு ஒத்துவராது, ஆதாரத்தோடு உண்மையைக் காட்டுவோம் என்று மரியநாதன் முடிவு செய்தார். ஐலீனின் கிளினிக்கிலேயே சிறுநீர், இரத்தம், தலைமுடி எல்லாவற்றையும் சோதித்து, ‘எதுவும் இல்லை’ என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுத்த நேர்முகத்தில் உட்கார்வதற்கு முன்பே மேசையில் வைத்தார்.

அந்தச் சீன முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு மலாயில் கேட்டார். “நாங்க இதைக் கேக்கவே இல்லையே?”

“நீங்க கேக்குறதுக்கு முன்னாலயே கொண்டு வந்துட்டேன், பாஸ்.”

“முப்பது வருசமா ஆள் எடுக்குறேன். ஒருத்தன்கூட இதைக் கொண்டு வந்ததில்ல. நீ ஏன் கொண்டு வந்தே?”

மரியநாதன் உண்மையைச் சொன்னார். முதலாளி உறையை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளினார். “நாங்களே கூப்பிடுறோம்.”

மூர்த்தியை அவர் சந்தித்தது இதற்குப் பிறகுதான். தொழிற்சாலைகளுக்குப் பேச்சாளர்களைப் பிடித்துக் கொடுப்பவர் மூர்த்தி. ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

“அண்ணே, தப்பே செய்யாதவன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். திருந்திட்டேன்னு சொல்லுங்க, மாலை போடுவாங்க.”

“நான் எதுலேருந்து திருந்துறது?”

“அதெல்லாம் மேடை ஏறுனா தானா வரும், லா.”

முதல் பேச்சு ஆயர் ஈத்தாமில் ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில். மரியநாதன் மனசாட்சிக்கு விரோதமில்லாமல், “நான் போதைப் பரிசோதனையில் தோற்றவன்” என்று மட்டும் சொன்னார். மீதி நாற்பது நிமிடம் தலைக்கவசத்தின் வாரைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார்.

“கதை எங்கண்ணே?” என்று திரும்பும் வழியில் மூர்த்தி கேட்டார்.

இரண்டாவது பேச்சில், “ஒரு நண்பன்தான் பழக்கிவிட்டான்” என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் நண்பனுக்குப் பெயர் வந்தது. நான்காவதில் நண்பன் செத்தே போனான். சொல்லிக்கொண்டிருந்த மரியநாதனே அழுதுவிட்டார். இல்லாத நண்பனுக்காக அவர் அழுத அந்தக் காட்சியை யாரோ கைப்பேசியில் பிடித்துப் போட, மாநிலம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு மாதம் பத்துப் பேச்சு. ஏழு ஆண்டு நரக வாழ்க்கை, மூன்று முறை தற்கொலை முயற்சி என்று கடந்தகாலம் அவருக்கு நாளுக்கு நாள் வளர்ந்தது.

தேவாலயத்தில் பெண்கள் ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து மகனை உட்காரவைத்துக் கேட்டார்.

“ஏழு வருசமும் மூணு வேளை எங்கூடதானடா உக்காந்து சாப்பிட்ட? நரகத்துக்கு எப்படா போயிட்டு வந்த?”

ஐலீன் ஒரு நாள் சொல்லாமல் வந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பும்போது காடியில் ஏறி உட்கார்ந்தாள். கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடியே இருந்தாள்.

“என் சங்கிலியை வித்துட்டீங்களா?”

“மேடையில மட்டும்தான்.”

“நான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேனாம்!”

“அடுத்த பேச்சுல திரும்பி வந்துடுற மாதிரி வச்சிருக்கேன், ஐலீன்.”

“வர மாட்டேன்!” ஸ்கூடாய் நெரிசலில் காடி நின்றதும் அவளுக்குக் குரல் உடைந்தது. “நீங்க செய்யலைன்னு மாசாமாசம் நான் லெட்டர் போடுறேன். செஞ்சேன் செஞ்சேன்னு நீங்க ஊரு ஊராப் போய்ச் சொல்றீங்க.”

மரியநாதனுக்கு உறுத்தியது. பச்சை விளக்கு விழும்வரை உறுத்தியது.

ஒன்பதாவது மாதம் பெரிய வாய்ப்பு வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை, போதையில் விழுந்த தொழிலாளர்களை மீட்பதற்கு ஒரு பிரிவு தொடங்கியது. அதற்குத் தலைவர் வேண்டும். தனி அறை, நிரந்தர வேலை. ஒரே நிபந்தனை, வருகிறவர் தாமே போதையிலிருந்து மீண்டவராக இருக்க வேண்டும்.

“படிச்சவங்க நிறைய வந்தாங்க, சார்,” என்றார் அந்த நிறுவனத்தின் இயக்குநர். “அனுபவசாலி நீங்க ஒருத்தர்தான்.”

மரியநாதன் தலை குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல், ஐலீன் கிளினிக்கிலும் ராசம்மா ஜெபக் கூட்டத்திலும் இருந்த நேரத்தில், ஒரு பெண் கேட்டருகே வந்து கூப்பிட்டாள். பழைய தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் லோஷினி. பழைய ஆட்களில் அவரைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான். மடியில் ஓர் அலுவலகக் கோப்பினை வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், ஆண்ட்டி இதுவரைக்கும் எட்டு லெட்டர் போட்டிருக்காங்க. இப்ப புது மேனேஜர் வந்திருக்காரு. எல்லாத்தையும் படிச்சிட்டு ஒன்பதாவது விதியையே எடுத்துட்டாரு.”

“எடுத்துட்டாரா!” பெற்ற பிள்ளையை யாரோ அடித்துவிட்டது போல மரியநாதன் துடித்தார்.

“லேப்ல உங்க பேரு போட்ட போத்தல்ல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்காங்க. உங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாத்தா, அது உங்களோடதா இல்லையான்னு தெரிஞ்சிடும். உங்களோடது இல்லைன்னா கம்பெனி பகிரங்கமா மன்னிப்புக் கேக்கும். பேஸ்புக்ல போடுவாங்க. மத்தக் கம்பெனிக்கெல்லாம் லெட்டர் அனுப்புவாங்க.”

“அலமாக்!” என்றார் மரியநாதன்.

ஒன்பது மாதத்துக்கு முன் இந்தச் செய்தி வந்திருந்தால் தெருவில் இறங்கி ஆடியிருப்பார். இப்போது எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். தான் குற்றமற்றவர் என்று வெளியே தெரிந்தால் திங்கட்கிழமை என்ன ஆகும்? அந்த இயக்குநர் என்ன சொல்வார்? செத்துப்போன நண்பனுக்காக அழுத ஆயிரக்கணக்கான பேர் என்ன செய்வார்கள்?

“நான் சம்மதிக்கலைன்னா?”

“அப்ப, போத்தல் உங்களோடதுதான்னு நீங்களே எழுதிக் கொடுத்துடணும். விசாரணை அதோட முடிஞ்சிடும்.” லோஷினியின் கண்களில் நீர் திரண்டது. “ஆனா அங்கிள், அதுக்கு முன்னால நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். அதுக்குத்தான் நானே வந்தேன்…”

தனக்காக அழுகிறாள் என்று மரியநாதன் உருகிப்போனார். கை உயர்த்தி அவளை நிறுத்தினார். குரல் தானாகவே மேடைக் குரலாகிவிட்டது.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ஏழு வருசம் நரகத்துல கெடந்தவன் நான். செஞ்ச தப்பை ஒத்துக்குறவன்தான் மனுசன். ஒத்துக்காம அடுத்தவன் மேல போடுறவன் இருக்கான் பாரு, அவன் என்னிக்குமே மீள மாட்டான்.”

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். ‘அந்தப் போத்தலில் இருந்தது என்னுடையதே. நான் போதைப்பொருள் உட்கொண்டது உண்மை. எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.’ கையெழுத்திட்டு, அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கொடுத்தார். ஐலீனுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். அவளைச் சமாதானப்படுத்த ஒரு பேச்சு போதாது, இரண்டு வேண்டியிருக்கும்.

லோஷினி தாளை இரண்டு முறை படித்தாள். கோப்பில் வைத்தாள். கோப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

பாரம் இறங்கிய மகிழ்ச்சியில் மரியநாதன் கேட்டருகே வரை அவளோடு நடந்தார்.

“ஆமா, என்னமோ சொல்ல வந்தியே, என்னம்மா?”

“உங்க வீடியோவைப் பாத்துத்தான் நானும் விட்டேன் அங்கிள், இன்னியோட அஞ்சு மாசமாச்சு,” என்றாள் லோஷினி. “அன்னிக்கு என் போத்தல்ல உங்க பேரை ஒட்டுனது நான்தான்.”