நைனா வண்டி நின்ற நாள்

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஓடுகிற கார்களில், எங்கள் நைனாவைப் போல் புளூடூத்தைக் கட்டி ஆண்ட டிரைவர் வேறு யாரும் கிடையாது. இதை நான் எந்த ஸ்டாண்டில் வந்து வேண்டுமானாலும் சொல்வேன். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். பார்க்கிற ஆண்களையெல்லாம் ‘நைனா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். என்னையும் ஸ்டோர்ஸ் முருகேசனையும் தினமும் அவர்தான் ஏற்றிப் போவார். முருகேசன் ஏறியதும் தூங்கிவிடுவார். கம்பெனி கேட் வந்தால்தான் கண் திறக்கும்.

எங்கள் இருவர் போனும் ஒரே மாடல். கார் ஸ்க்ரீனில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது நைனாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டையும் வாங்கி, செட்டிங்ஸுக்குள் புகுந்து, புதுப் பெயர் வைத்துவிட்டார்.

“உம் போனு ‘கணக்கு’. அவரு போனு ‘தூக்கம்’. இன்னிக்குப் பாட்டு தூக்கத்தோட முறை.”

மறுநொடியே கார் ஸ்பீக்கருக்குள் இருந்து பேசும் வெள்ளைக்காரி “தூக்கம் கனெக்டட்” என்றாள். முருகேசன் திடுக்கிட்டு எழுந்து, கோபித்துக்கொண்டு, திரும்பவும் தூங்கிப்போனார்.

அதே வாரம் முருகேசன் போன் பாடிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கூப்பிட்டார். காரின் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது: “யோவ், நேத்து மீன் கொழம்ப நீயே துண்ணுட்டு பூன மேல பழி போட்டியா?”

நைனா சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டிச் சட்டம் போட்டார். “பாட்டு வண்டில வரலாம். பேச்சு வரக்கூடாது. ஊட்டு மேட்டரு ரோட்டுக்கு வந்தா பேஜாராயிடும்.” போனில் அழைப்புக்கு ஒரு பொத்தான், பாட்டுக்கு ஒரு பொத்தான் என்று தனித்தனியாக உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அழைப்புப் பொத்தானை அணைத்த பிறகுதான் எந்தப் போனுக்கும் பாடும் உரிமை.

அவருக்கு இதைவிடப் பெரிய கர்வம் ஒன்று இருந்தது. பெரியபாளையம் டீக்கடையில் மற்ற டிரைவர்கள் முன்னால் தினமும் சவால் விடுவார். “இந்த வண்டி ரோட்ல நின்னுச்சுனு ஒருத்தன சொல்லச் சொல்லு, ஸ்டீரிங்க கயட்டி அவன் கைல குடுத்துர்றேன்!”

என் கவலை வேறு. நான் கிளம்பும்போது என் மகள் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே, காக்களூர் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு நாள் குறித்து, அன்று காலையில் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்போம், அதில்தான் முடிவு என்றார்கள். எங்கள் மேனேஜருக்குத் தெரிந்தால் தொலைந்தேன். வெளியே வேலை தேடிய ஒருவரை அவர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியவர். விஷயம் நைனாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த அழைப்பு வரவேண்டிய நாளில் என் கையில் புதுப் போன். அதைக் காரில் இணைத்த நைனா, அழைப்புப் பொத்தானைத் தேடுவதற்குள், வழியில் ஒருவர் கை காட்டினார். கார் பழுதாகி நின்ற எங்கள் மேனேஜர்! முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பரபரப்பில் பொத்தானை நைனாவும் மறந்தார், நானும் மறந்தேன்.

பெரியபாளையம் தாண்டியதும் நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. ஸ்க்ரீனில் ‘காக்களூர் ஹெச்.ஆர்.’ என்று பெரிய எழுத்தில் வந்தது. அதைப் படிக்க மேனேஜர் சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார்.

நைனா உள்ளங்கையை ஸ்க்ரீன் மேல் அப்பினார். அப்படியே வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்தார். ஸ்க்ரீன் அணைந்தது. போன் என் பைக்குள் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

“என்னய்யா ஆச்சு?” என்றார் மேனேஜர்.

“வண்டி நின்னுபோச்சு சார். கொஞ்சம் எறங்கி வந்து பானட்ட புடிங்க. கெட்டியா புடிங்க, உட்டீங்கன்னா என் தலைல உழும்!”

பானட்டைத் தாங்க அதிலேயே ஒரு கம்பி இருக்கிறது. அதை நைனா தொடவே இல்லை. மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க, நைனா ஒரு பழுதும் இல்லாத இன்ஜினுக்குள் தலையை விட்டு, “அடடா... அடடா...” என்று புலம்பினார். தூங்கும் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போனை எடுத்து, காக்களூர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தேன்.

வேலை கிடைத்தது.

ஆனால் மேனேஜர் சும்மா இருப்பாரா? நைனா வண்டி நடுவழியில் நின்ற கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பெரியபாளையம் கோயிலுக்குப் போனேன். டீக்கடையில் நைனாவைச் சுற்றி நாலைந்து டிரைவர்கள். “இன்னா நைனா, ஸ்டீரிங்க எப்ப கயட்டப் போற?” என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நடந்ததைச் சொல்லிவிடப் போனேன்.

“நீ சும்மா இருமா,” என்று நைனா தடுத்தார். பிறகு மகளிடம் குனிந்தார். “இன்னா பாப்பா, அம்மா இப்பல்லாம் சீக்கிரமா வந்துருதா?”

“வெளக்கு போடறதுக்கு முன்னாடியே வந்துரும்,” என்றாள் அவள்.

நைனா நிமிர்ந்தார். டிரைவர்களைப் பார்த்து, “ஆமா நைனா, நின்னுச்சு. இப்ப இன்னான்ற?” என்றார். அத்தனை பெருமையாக அவர் அதைச் சொன்னபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.