உயிரோடு இருப்பவளுக்குப் போட்ட பந்தல்

மரியாதைக்குரிய மச்சான் அமல்தாஸ் அவர்களுக்கு, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து உங்கள் தங்கை லூர்து மேரியின் புருஷன் யாகப்பன் இயேசுவுக்கே புகழ் சொல்லி எழுதுவது. அரூரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய். போனில் பேசினால் மேரி காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். சமாச்சாரம் ஒன்றுதான்: உங்கள் வாடகைக் கடையிலிருந்து அனுப்பிய சாமியானாவை உடனே ஆள் விட்டுப் பிரித்துக்கொண்டு போகவும்.

நல்லெண்ணத்தில்தான் அனுப்பினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வாசல் வேப்பமரத்தை வெட்டியதிலிருந்து தெருவில் ஒரு கையகல நிழல் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கரண்டுக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறோம்; ரேஷன் வரிசை என்று நினைத்துப் பையோடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. புதிதாகப் போட்ட தகர நிழற்குடைக்குள் நாய்கூடப் போவதில்லை. எங்கள் வூடோ சிமெண்டு சீட்டுக் கூரை. மத்தியானம் ஃபேனைப் போட்டால் நெருப்பைத்தான் வாரி இறைக்கிறது. மரம் இருந்தவரை மேரி அதனடியில் கட்டில் போட்டுப் படுப்பாள், காற்று வரும், மூச்சும் சீராக வரும். இந்தக் கோடையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். இருதயம் பலவீனம், வெக்கை ஆகவே ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனால் மச்சான், நோயாளி வூட்டு வாசலில் சாமியானா போட்டால் ஊர் என்ன நினைக்கும்? உங்கள் ஆள் கம்பம் நட்டதுமே பழக்கதோஷத்தில், "பிரீசர் பாக்ஸுக்கு வயர் எங்கேருந்து இழுக்கறதுங்க?" என்று கேட்டான். அவனைத் திட்டி அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் மேலத்தெரு தெரசா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே மேரி!" கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கி, "எங்கடி போனேன்? உக்காரு, மோர் குடி" என்றாள். தெரசாவுக்குத்தான் மயக்கம் வந்தது. பின்னாலேயே பக்கத்து வூட்டுச் சென்றாயன் ரோஜா மாலையோடு வந்தார். சாவுக்கு வாங்கின மாலையைத் திரும்ப வூட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதாம். "இத நான் எங்கங்க போடறது?" என்று என்னோடு சண்டை. கடைசியில் வெட்டின வேப்பமரத்து அடிக்கட்டைக்குப் போட்டுவிட்டு, நீங்கள் பந்தலோடு அனுப்பிய நாற்காலியில் ஒன்றை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அதுக்குள்ள தெருவே வந்துருச்சு; சாவு இல்லேன்னு தெரிஞ்சும் ஒருத்தரும் எழுந்து போகல. எழுந்தா வெயிலு!

எனக்குச் சிரிப்பு வரல மச்சான். அந்த மாலை இன்னும் வாசல்லயே கெடக்குது. அதப் பாக்கறதும், அவளுக்கு மூச்சு வருதான்னு பாக்கறதுமா உக்காந்திருக்கேன். பயமா இருக்குதுங்க. பந்தல எடுத்துருங்க.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வூட்டுக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
யாகப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மேரி பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செத்தவளுக்கு எதுக்குங்க நெழலு? நான் போற அன்னிக்கி வர்றவங்க வெயில்ல நின்னுட்டுப் போவட்டும். எனக்கு இன்னிக்கி வேணும்." ஆகவே பந்தலைப் பிரிக்க ஆள் அனுப்ப வேண்டாம். நாற்காலி மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டும், தெருவே இங்கேதான் இருக்கிறது. நீங்களும் சீக்கிரம் வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள். மாலை வாங்கி வராதீர்கள்.