உள் ரூம் சரக்கு

"ஏங்க! குழாயில தண்ணி நின்னுபோச்சு! இப்பத்தான மோட்டார் போட்டேன், டேங்க் தண்ணி அம்புட்டும் எங்க போச்சு?"

குளியலறைக்குள்ளிருந்து ஹேமாவதி கத்தினாள். தலை முழுக்கச் சீயக்காய். கண்ணைத் திறக்க முடியவில்லை, வாயைத்தான் திறக்க முடிந்தது.

தண்ணீர் போன இடம் ராஜபாண்டிக்குத் தெரியும். மொட்டை மாடியில் ஹோஸ் பைப்போடு அவன்தான் நின்றுகொண்டிருந்தான். பழைய உரச் சாக்குகளில் செம்மண், செம்மண்ணுக்குள் தண்டங்கீரை விதை, ஓரத்தில் வாடிப்போன கத்தரி நாற்று. எல்லாம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் பொறுத்துக்க ஹேமா! கீரை பறிக்கையில இந்தக் கஷ்டமெல்லாம் மறந்துபோகும்!"

"நேத்துத்தான விதையே போட்டீக? அதுவரைக்கும் சீயக்காயோடவே நிக்கவா?"

பக்கத்து வீட்டு முத்துலட்சுமிதான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவளைக் காப்பாற்றினாள்.

ராஜபாண்டி பிறவி விவசாயி அல்ல. சின்னமனூரில் ஜெபமணி முதலாளியின் வாழைக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. அவனுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவெல்லாம், தார் வெட்டிக் கொண்டுவருகிறவர்களின் கால் மண்ணைக் கூட்டிப் பெருக்கச் சொல்வதோடு சரி. ஆனால் மண்டியில் தன் மதிப்பைப் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. "நான் ஒருத்தன் பாக்கலைன்னா அந்த மண்டி நாறிப்போயிரும்" என்று வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவான். ஹேமாவதியும் ரசம் ஊற்றிக்கொண்டே "ஆமா, ஆமா" என்பாள்.

அந்த மதிப்புக்குத்தான் இந்தத் திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போடியில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. லீவு சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு வந்த சரக்கை முதலாளியே நின்று இறக்கிக்கொண்டார். மறுநாள் காலை, விசேஷத்துக்குப் போட்ட பளபளச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே மண்டிக்குள் நுழைந்தான். உள் அறையிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ராஜபாண்டிய இனி வச்சிருந்து பிரயோசனமில்ல. பாவம் பாத்து உள்ள விட்டது என் தப்பு. மேலுக்குத்தேன் பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்ல. சனிக்கிழமை வரைக்கும் பாப்பம். அதுக்கு மேல போனா நமக்குத்தேன் நட்டம். வெளிய தள்ளிவிட்ருவோம்."

ராஜபாண்டி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பளபளவென்றுதான் இருந்தது.

ஒரு நாள் லீவுக்கா இவ்வளவு? இத்தனை வருஷம் உழைத்ததற்கு இதுதான் மரியாதையா? உள்ளே போய்க் கேட்க ரோஷம் விடவில்லை. வீட்டில் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அந்த "ஆமா, ஆமா" இனி எந்தத் தொனியில் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே அன்று சாயங்காலம் ஹேமாவதியிடம் வேறு மாதிரி ஆரம்பித்தான்.

"உலகமே கஷ்ட காலத்துக்குப் போகுது ஹேமா. போன்ல பெரிய பெரிய ஆளுகெல்லாம் சொல்றாக. இனி எதையும் வெளிய வாங்கக் கூடாது. வீட்டுக்கு வேண்டியதை வீட்டுலயே உண்டாக்கிக்கிடணும்."

"உப்பையுமா?"

"கிண்டல் பண்ணாத. சனிக்கிழமைக்குள்ள நாம தயாராகணும்."

"உலகத்துக்குக் கஷ்ட காலம் சனிக்கிழமைன்னு கிழமை குறிச்சு வருதாக்கும்?" என்றாள் ஹேமாவதி. அவன் சாக்கு தேடப் போய்விட்டான்.

அப்படி வந்ததுதான் அந்த மாடித் தோட்டம். ஊற்றிய தண்ணீர் விதைகளை அடித்துக்கொண்டுபோய் வடிகால் ஓட்டையை அடைத்தது. தேங்கிய தண்ணீர் தளத்தில் இறங்கி, படுக்கையறையில் சரியாக ஹேமாவதியின் தலையணை மேல் சொட்டியது.

"தண்ணி குத்தமில்ல. மண்ணுல சத்தில்ல. கோழி எரு போட்டா பிடிச்சுக்கிரும்" என்று ராஜபாண்டி முடிவு செய்தான். எருவை மட்டும் வாங்கலாம். ஆனால் வெளியே எதையும் வாங்கக் கூடாதே. அதனால் கோழிகளையே வாங்கி வந்தான்.

நாட்டுக்கோழிகள் மாடிக்கு ஏறின. மிச்சமிருந்த விதைகளைப் பார்த்தன. சாப்பாடு தயாராக இருப்பதில் மகிழ்ந்து, சாக்குகளைக் கிளறி, மண்ணை மாடி முழுக்க இறைத்து, ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றன. முட்டை மட்டும் போடவில்லை.

"இடம் மாறுன கோழி உடனே முட்டை போடாதுங்க" என்று சுவரின் மேல் எட்டிப் பார்த்து முத்துலட்சுமி சொன்னாள். ராஜபாண்டிக்கு அவளைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

முட்டை இல்லாவிட்டால் பால். சந்தைக்கு ஒரு கூடலூர்க்காரர் கொண்டுவந்திருந்த வெள்ளாட்டைப் பிடித்துவந்தான். "பாலாக் கொட்டும்" என்று அவர் சத்தியம் செய்திருந்தார். ஆடு வந்த வேகத்தில் கத்தரி நாற்றுகளை முடித்தது. பிறகு சுவருக்கு மேல் கழுத்தை நீட்டி, முத்துலட்சுமி காயப்போட்டிருந்த சேலையின் முந்தானையை மென்றது. பாதிச் சேலை உள்ளே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஹேமாவதி தன் தீபாவளிச் சேலையை எடுத்துக்கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தாள்.

"ஒரு சேலையைத் தின்ன ஆடு, பால் குடுக்காமலா போகும்?" என்று ராஜபாண்டி சொம்போடு உட்கார்ந்தான். ஆடு ஒரே உதை. சொம்பு முருங்கை மரத்தில் போய் விழுந்தது.

"குட்டியைப் பிரிச்சுக் கொண்டாந்தா எந்த ஆடுங்க பால் சுரக்கும்?" என்றாள் முத்துலட்சுமி. புதுச் சேலை கட்டியிருந்ததால் கொஞ்சம் கனிவாகவே சொன்னாள்.

குட்டி கூடலூரில் இருந்தது.

இதற்கிடையில் மண்டியில் அவன் இருப்பும் இல்லாமையும் ஒன்றாகிவிட்டது. உடம்பெல்லாம் ஆட்டு வாடை. உட்கார்ந்த இடத்தில் தூக்கம். சாயங்காலமானால் ஆட்டுக்கென்று வாழை இலையும் தண்டும் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். சுமை இறக்கும் தங்கபாண்டி இரண்டு முறை அவன் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, உள் ரூம் சரக்கு லேசா வாடை அடிக்குது. சனிக்கிழமை ஒரு பார்ட்டி வருதுன்னு மொதலாளி வச்சிருக்காக. அவுக கிறிஸ்மஸ் வேலையா சர்ச்சுக்கும் வீட்டுக்கும் அலையுறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இன்னைக்கே வந்த விலைக்கு ஏத்தி விட்ரலாம்."

"நான் ஏன்டா சொல்லணும்? நான் யாரு இங்கன? நாறுனா நாறட்டும்!"

தங்கபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, கூச்சப்பட்டு, போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை கூடலூருக்கு ஜீப்பில் சரக்கு போனது. ராஜபாண்டி தானே கூடப் போகிறேன் என்று ஏறிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு முத்துலட்சுமி வீட்டு ஜன்னலுக்கு மேலே இருந்த சிலாப்பில் போய் நின்றது. ஹேமாவதி புருஷனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மண்டிக்குப் போட்டாள். தங்கபாண்டி எடுத்தான்.

"அண்ணன் இல்லக்கா. கருத்தம்மாள ஜீப்புல ஏத்திக்கிட்டு கூடலூர் போயிருக்காக."

"யாரை?"

"கருத்தம்மாளத்தேன். அண்ணனே தூக்கி முன் சீட்டுல வச்சுக்கிட்டாக. அடிபடாமக் கொண்டு போகணும்ல? வரும்போது குட்டியோடதேன் வருவேன்னு சொல்லிட்டுப் போனாக."

ஹேமாவதி போனை வைத்தாள். ஒரு வாரமாகப் புருஷன் நடந்துகொண்ட விதமெல்லாம் இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமைக்குள் தயாராகச் சொன்னது எதற்கு என்றும் விளங்கிவிட்டது. சிலாப்பின் மேல் நின்ற ஆடு "ம்மே" என்றது.

ராஜபாண்டி ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஹேமாவதி பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"குட்டி மட்டும் வந்திருக்கு? எங்க உங்க கருத்தம்மா?"

"அவளக் கூடலூர்லயே தள்ளியாச்சு. நல்ல விலை" என்றான் ராஜபாண்டி.

அதன் பிறகு தெரு கேட்கும்படி நடந்ததை எழுதுவது மரியாதையில்லை. விஷயம் புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஏ கூறுகெட்டவளே! மண்டியில தாருக்கெல்லாம் தோட்டக்காரங்க பேருதேன்டி! ஒச்சாண்டி தோட்டத்துக் காய்ன்னா ஒச்சாண்டி. கருத்தம்மா தோட்டத்துக் காய்ன்னா கருத்தம்மா. ஒச்சாண்டிய மேல போடு, கருத்தம்மாளத் தூக்குன்னுதேன் நாள் முழுக்கக் கத்துவோம்."

"மனுசப் பேரைச் சொன்னா மனுசன்னுதான நினைப்பாக?" என்று ஹேமாவதி மூக்கைச் சிந்தினாள்.

"அது மனுசனா காயான்னு ஒரு வார்த்தை விசாரிக்கணும்ல? காதுல விழுந்ததை வச்சுக்கிட்டுப் பெட்டி கட்டுனா குடும்பம் வெளங்குமா?"

அவள் வெட்கப்பட்டுப் பெட்டியை உள்ளே கொண்டுபோனாள். குட்டியை ஆட்டிடம் விட்டார்கள். பால் பிரமாதமாகச் சுரந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குட்டி குடித்துத் தீர்த்தது.

சனிக்கிழமை வந்தது.

மண்டிக்குள் கால் வைத்ததுமே முதலாளி கூப்பிட்டார். "ஏப்பா ராஜபாண்டி, இங்கன வா. உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். எப்படிக் கேக்குறதுன்னுதேன்..."

ராஜபாண்டி கையை உயர்த்தினான். காலையில் ஆட்டுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு அது.

"நீங்க கேக்க வேண்டாம் மொதலாளி. வெளிய தள்ளுற வரைக்கும் நிக்கிற ஆளு நான் இல்ல. நானே போறேன். பாவம் பாத்து உள்ள விட்டீக, அதுக்கு நன்றி. ஆனா ஒண்ணு. மேலுக்குப் பளபளப்பா இருக்கிற ஆளுக எல்லாருக்கும் உள்ள ஒண்ணுமில்லன்னு நினைக்காதீக. என் வீட்டுல கோழி இருக்கு, ஆடு இருக்கு, தோட்டம் இருக்கு. இனி எவனையும் நம்பி நான் இல்ல!"

மேஜைச் சாவியை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தான். ஜெபமணி முதலாளி சாவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நான் கோழியப் பத்திதான்ப்பா கேக்க வந்தேன். கிறிஸ்மஸுக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வாராக. நீ நாட்டுக்கோழி வளக்குறியாமே, ஒரு சோடி கிடைக்குமான்னு..."

"கிடைக்காது!" என்றான் ராஜபாண்டி. எடுத்த வேகத்தில் நிறுத்த முடியவில்லை.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு நீளமாக மூச்சு விட்டார்.

"சரிப்பா. போறவன் மடியப் பிடிச்சு இழுக்க முடியாது. என் மச்சினன் மகன் கிங்ஸ்லி பி.காம். முடிச்சுட்டுச் சும்மா இருக்கான். உன் இடத்துல அவனப் போடச் சொல்லி வீட்டுல ஒரு வருசமா நச்சரிப்பு. ராஜபாண்டி இருக்க வரைக்கும் அந்த நாற்காலில வேற ஆளு கிடையாதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். இனி வீட்டுல நிம்மதியாச் சோறு கிடைக்கும். ஸ்தோத்திரம்!"

அங்கேயே போனை எடுத்து, "கிங்ஸ்லி, திங்கக்கிழமை வந்துரு" என்றார்.

ராஜபாண்டி திரும்பி நடந்தான். சண்டை போட்டாராமே? வெளியே தள்ளப்போகிறவர் எதற்குச் சண்டை போட வேண்டும்? யோசனை பாதியிலேயே நின்றது. என்ன ஆனால் என்ன, தள்ளுவதற்கு முன்னால் நாமே தலை நிமிர்ந்து வெளியே வந்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். மண்டி பூராவும் ஒரு புளித்த நாற்றம். சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

உள் அறையிலிருந்து மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தங்கபாண்டி ஓடிவந்தான். கை இரண்டிலும் கருகிக் குழைந்த வாழைத் தார். ராஜபாண்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"போறீகளாமேண்ணே. ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீக. நீங்க இங்கன இருக்கையில உங்க பேரைச் சொல்ல வாய் கூசித்தேன், ஒரு வாரமா நாங்க எல்லாரும் 'உள் ரூம் சரக்கு'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தோம்... ராஜபாண்டி அம்புட்டும் அழுகிப்போச்சுண்ணே. உங்க ஆட்டுக்கு ஆகுமா?"