ஜமுனாமரத்தூர் இத்தாலி

சாப்பிட வந்தவரைத் திட்டித் திட்டியே சாப்பாடு போட்டு, திட்டு வாங்கியவரை அடுத்த மாதமே மறுபடியும் மலையேறி வரவைக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கிறார். பெயர் இத்தாலி. பெற்றோர் வைத்த பெயர் ஏதாவது ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. "இத்தாலி வூடு எங்க?" என்று கேட்டால் ஆடு மேய்ப்பவர்கூட வழி சொல்வார். கூடவே, "பாத்துப் போங்க, இன்னிக்குக் காலையிலருந்தே கோவமா கீறாரு" என்று வானிலை அறிக்கையும் தருவார்.

முதல் முறை நானும் என் மனைவியும் ஆலங்காயம் வழியாகக் காரில் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொண்டை ஊசி வளைவுகளில் குடல் இடம் மாறி, ஊருக்குள் நுழைந்தபோது கடைகளில் எல்லாம் சாப்பாடு தீர்ந்திருந்தது. கடைசியில் ஒரு ஓட்டு வீடு. சுவரில் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டை. 'இத்தாலி சாப்பாடு' என்று ஒரு போர்டு.

என் மனைவி தைரியம் சொன்னாள். "இட்லியைத்தான் யாரோ தப்பா எழுதியிருக்காங்க. வாங்க."

முற்றத்துக் கொடியில் ஒரு பக்கம் லுங்கியும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. மறு பக்கம் மஞ்சள் நிறத்தில் நாடா நாடாவாக ஏதோ தொங்கியது. "பாவாடை நாடாவா?" என்றாள் மனைவி. அதுதான் சாப்பாடு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

உள்ளே நாலு மேசை. பெரிய மீசையும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக ஒருவர் வந்து நின்றார்.

"மெனு கார்டு?" என்றேன்.

"நாந்தான் மெனு. உக்காருங்க."

கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. முட்டையும் மைதாவும் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, சுருட்டி நறுக்கிய பாஸ்தா நாடாக்கள். மேலே தக்காளியும் பூண்டும். திருநீற்றுப்பச்சிலை மணத்தது. பாம்பு வராமலிருக்க நம் பக்கத்தில் வேலியோரம் வளர்ப்போமே, அதே செடி. நான் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், "கொஞ்சம் தக்காளி சாஸ் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"சாஸா? தக்காளியக் கொன்னு பாட்டில்ல பொதச்சி வச்சிருக்கானே, அதையா கேக்குறீங்க? உயிரோட கீற தக்காளிய தட்டுல வச்சிட்டு, பொணத்தக் கேக்குறீங்களே சார்!"

நான் குனிந்து நாடாவை ஸ்பூனால் துண்டு போட ஆரம்பித்தேன். அது இரண்டாவது குற்றம்.

"அறுக்காதீங்க! அது இன்னா பாம்பா? முள்கரண்டில சுத்துங்க. அந்தம்மா எப்பிடிச் சாப்புடுறாங்க பாருங்க. அவங்களப் பாத்துக் கத்துக்குங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் இத்தாலி கட்சி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மலையேறாவிட்டால் எங்கள் வீட்டில் அமைதி இல்லை.

போகப் போகத்தான் அந்தக் கடையின் அரசியல் புரிந்தது. முன்வாசலில் இத்தாலி ராஜ்ஜியம். பின்வாசலில் அவர் மனைவியின் ராஜ்ஜியம். அவரை ஊர் இத்தாலியம்மா என்று அழைத்தது. கணவர் யாரைத் திட்டி எழுப்பி விரட்டினாலும், அந்த அம்மா கொல்லைப்புறமாக ஓடி அவரைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, நெல்லிக்காய் ஊறுகாய்.

ஒரு நாள் அரசு ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர், நாடாவின் மேல் தயிர் ஊற்றிப் பிசைய அனுமதி கேட்டார். இத்தாலி தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"எந்திரிங்க."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும். தயிர் கேட்ட ஆளு. எந்திரிங்க."

கால் மணி நேரம் கழித்து நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அதிகாரி முருங்கை மரத்தடியில் சம்மணமிட்டு, மொச்சைக் குழம்பில் முழங்கை வரை இறங்கியிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சார், மாசத்துக்கு ஒரு தடவை தயிர் கேட்டுடுவேன். அப்பதான் இந்தக் குழம்பு கிடைக்கும்." ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வேண்டுமென்றே தப்புச் செய்து பின்வாசலுக்கு மாற்றலாகிப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இத்தாலிக்கு மட்டும் தெரியாது. தன் கண்டிப்பால் ஊர் திருந்திவருவதாக அவர் உறுதியாக நம்பினார்.

இவர் உண்மையிலேயே இத்தாலிக்குப் போனவரா? இதுதான் ஜமுனாமரத்தூரின் நிரந்தர விவாதம். எதிர்வரிசை டீக்கடைக்காரர் எதிர்க்கட்சித் தலைவர். "இத்தாலியாவது கித்தாலியாவது! வாணியம்பாடி தாண்டி ஒரு டிக்கெட் எடுத்திருப்பானா அவன்? சப்பாத்தி மாவ நீட்டா அறுத்துப் போட்டுட்டு ஊரையே ஏமாத்துறான் சார்."

நான் நேராக இத்தாலியம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்தார்.

"டீக்கடைக்காரர் சொல்றது நெசந்தாங்க. இவரு வாணியம்பாடியத் தாண்டுனதே இல்ல. அங்க ஒரு தோல் கம்பெனி கெஸ்ட் அவுஸ்ல சமையல் வேலை. மெஷின் மாட்ட ஒரு இத்தாலிக்கார தொரை வந்து வருசக்கணக்கா தங்கிட்டாரு. நம்ம காரம் அவருக்கு ஒத்துக்கல. அவரே அடுப்பாண்ட நின்னு இவருக்குக் கத்துக்குடுத்தாரு. கத்துக்குடுக்கறதுன்னா இன்னா, காலையிலருந்து ராத்திரி வரைக்கும் திட்டுதான். அதான் இவரும் திட்டிக்கினே செய்யறாரு. திட்டாம செஞ்சா ருசி வராதுன்னு நெனச்சிக்கினு கீறாரு."

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

நானும் மனைவியும் நடுமேசையில் நாடா சுற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. திருவண்ணாமலைக்கு வந்துவிட்டு மலை பார்க்க ஏறிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். நரைத்த கிராப்பு, பருத்திப் புடவை. டிரைவர் முன்னால் ஓடிவந்து, "அண்ணே, செவுத்துல அவங்க நாட்டுக் கொடிக் கலரப் பாத்துட்டு நிறுத்தச் சொன்னாங்க. மேடம் இத்தாலி!" என்றார்.

"நாந்தான் இத்தாலி," என்றார் நம்மவர்.

"இல்லண்ணே. மேடம் நெசமாவே இத்தாலி."

செய்தி எப்படிப் பரவியதென்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வாசல் தூணில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். தேர்தல் முடிவுக்குக்கூட அந்த ஊரில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லையாம்.

இத்தாலியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கணவரை ஓரமாக இழுத்தார். "இன்னாங்க, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக் கடைய மூடிருலாங்க. இத்தினி பேருக்கு முன்னாடி அந்தம்மா எதனா சொல்லிட்டா, நாளைக்கு இந்த ஊர்ல எப்பிடிக் கடைய நடத்துறது?"

"ஏன் மூடணும்? சாப்பாடு கீது, பசியோட ஆள் வந்துகீது."

மகள் தேன்மொழி மொழிபெயர்க்க வந்து நின்றாள். திருப்பத்தூரில் கல்லூரியில் படிக்கிறவள். நல்ல ஆங்கிலம். ஆனால் அப்பா அவளுக்கு வேலை வைக்கவில்லை. மீசையைத் தடவினார். நெஞ்சை நிமிர்த்தினார். தொரையிடம் தினமும் காலையில் கேட்டுப் பழகிய வரவேற்பு வாக்கியத்தை, இத்தாலி மொழியிலேயே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கினார்.

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. கையிலிருந்த பை நழுவியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். தேன்மொழியின் காதில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி சொன்னாங்க?" என்றார் அம்மா.

"அப்பா சொன்னது வணக்கம் இல்லம்மா. அவங்க ஊர்ல லாரி டயர் வெடிச்சா டிரைவருங்க சொல்றதாம். முழுசாச் சொல்ல மாட்டேன். நாலு பேர் இருக்காங்க."

வாசலில் டீக்கடைக்காரர் தொடையில் தட்டினார். ஆனால் இத்தாலி அசரவில்லை. "தொரை என்னப் பாத்த உடனே டெய்லி அததான் சொல்வாரு. அப்ப அது மரியாததான்," என்று தீர்ப்பளித்துவிட்டு உள்ளே போனார்.

தட்டு வந்தது. பெண்மணி முள்கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாயில் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வாய். உப்பு ஜாடிக்குக் கை போனது.

"வைங்க கீழ! எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு!"

கை தானாகப் பின்வாங்கியது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தட்டிலிருந்து ஒரு பூண்டுத் துண்டை எடுத்து உயர்த்திக் காட்டி, தன் மொழியில் சரமாரியாகப் பொரிந்து தள்ளினார். இவர் தமிழில் திருப்பிக் கொடுத்தார். "பூண்டு இல்லாம இன்னா சாப்பாடு? மலக் குளுருக்கு வவுறு தாங்க வேணாமா?" அவர் கையை ஆட்டினார். இவர் கரண்டியை ஆட்டினார். தேன்மொழி இரண்டு முறை வாயைத் திறந்தாள். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. ஒரு சொல்கூடத் தெரியாமல் இருவருக்கும் எல்லாம் புரிந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தட்டும் காலியானது. கடைசியில் அந்தப் பெண்மணி தட்டில் ஒட்டியிருந்த தக்காளியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு தட்டு வேண்டுமென்று சைகை காட்டினார்.

வாசலில் பெருமூச்சு எழுந்தது. டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சரி, போய்ட்டுதான் வந்திருப்பான் போல."

"நா எங்கடா போனேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போனேன்னு உன்னாண்ட எப்பனா சொன்னனா?"

எனக்கு அதோடு முடிந்தது என்று தோன்றியது. பெண்மணி விடைபெற்றுக் காரில் ஏறப் போனார். இத்தாலி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வேகமாக வெளியே வந்தார். அதுவரை அவர் குரலில் நான் கேட்டிராத ஒரு தயக்கம்.

"தேனு, எங்க தொரையத் தெரியுமான்னு அவங்களக் கேளு. தோல் மெஷின் மெக்கானிக்கு. மூக்கு இத்தினி பெருசு இருக்கும். ஒரு காது மந்தம்."

"அப்பா, இத்தாலி பெரிய நாடுப்பா. நம்ம ஊர்ச் சந்தையா, தேடிப் புடிக்க?"

"நீ கேளும்மா."

அவள் கேட்டாள். பெண்மணி பெயரைக் கேட்டார். இத்தாலி தலையைக் குனிந்துகொண்டார்.

"தொரைன்னுதான் கூப்புடுவேன். பேரு கேட்டதில்ல. எங்கப்பா காரியத்துக்கு நா மலைக்கு வந்தேன். வாணியம்பாடிக்குத் திரும்பிப் போறதுக்குள்ள மெஷின் வேல முடிஞ்சிதுன்னு அவர அனுப்பிட்டாங்க. சொல்லிக்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "பாத்தா சொல்லச் சொல்லு. நா கடை வச்சிருக்கேன், நல்லா போவுதுன்னு. பூண்டு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி போடுறேன், அதுக்குக் கோச்சிக்க வேணாம்னு."

தேன்மொழி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கச் சற்று நேரமானது. அந்தப் பெண்மணி இத்தாலியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஊருக்குப் போய்க் கண்ணில் படுகிறவர்களை எல்லாம் கேட்பதாகச் சொன்னார். டீக்கடைக்காரர் போய், எல்லோருக்கும் டீ எடுத்துவந்தார்.

இதுவரை பதில் ஏதும் வரவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் நான் அவர்களை லிஃப்ட் அருகே நிறுத்திவிடுகிறேன். போகிற இடத்தில் பெரிய மூக்கோடு வயதான இத்தாலிக்காரர் யாராவது தென்பட்டால், ஜமுனாமரத்தூரில் அவர் ஆள் நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள் என்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என் மனைவி மட்டும் பக்கத்தில் நின்று, "காதைச் சொல்ல மறந்துட்டீங்களே," என்கிறாள்.